புல்லுக்கு வார்த்த நீர்

தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவுயிர்களைப் பாகுபடுத்துகையில் ஒரு நுட்பமான அளவுகோலைக் கையாண்டார். வயிரம் புறத்தே அமைந்தது புல். அகத்தே அமைந்தது மரம். இவ்வளவுகோலின்படி பனை மரமன்று, புல்; தெங்கும் மூங்கிலும் அவ்வாறே. ‘பனைமரம்’ என்று வழக்கத்தில் சொல்வதெல்லாம் இலக்கண ஆசிரியரின் காதில் விழுந்திருந்தால் அவர் புன்னகைத்திருப்பார். இக்காலத் தாவரவியலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களாகவே கொள்வர். தேக்கையும் வேங்கையையும் சேர்ந்த கூட்டத்தில் அவற்றை வைப்பதில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் பினாங்குப் பெருநிலக் கரையின் வரலாறே புல்லின் வரலாறாகத் தோன்றும். 1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று, வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயர் சூட்டிய பகுதியே இன்றைய செபராங் பிறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அக்கரும்பை நட்டனர், வெட்டினர், ஆலையில் காய்ச்சினர். கரும்பு புல்லினம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. பின்னர்ப் பால்மரம் சாய்ந்து செம்பனை நின்றது. செம்பனை, தொல்காப்பியர் கணக்கில், மீண்டும் புல். முதலிலும் ஈற்றிலும் புல்; இடையில் மட்டும் ஒரு மரம்.

ஆயினும் தமிழில் ‘புல்’ என்னும் அடிச்சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு மிகக் குறைவு. புன்மை, புல்லியர், புன்சொல் என்று சிறுமையைக் குறிக்கும் சொற்கள் பல இதே ஒலியைத் தாங்கி வருகின்றன. வள்ளுவரும் ‘புல்லறிவாண்மை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். மண்ணோடு மண்ணாய்க் கிடப்பதாலும், கேட்காமலே முளைப்பதாலும் புல் எளிமைக்கும் இழிவுக்கும் உவமையாயிற்று போலும். கேட்காமலே முளைக்கும் இப்பொருளைக் கேட்டு முளைக்கச் செய்வது எத்துணைக் கடினம் என்பதை, விதைத்துப் பார்த்தவர்களே அறிவர்.

ஜுரு வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அத்தகைய விதைப்பு ஒன்று நடந்தது.

ஜுரு என்றவுடன் பலருக்கு இன்று நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியும், இரவில் ஒளி வெள்ளத்தில் மிதக்கும் கார் விற்பனை வளாகமுமே நினைவுக்கு வரும். ஓரிரு தலைமுறைக்கு முன்னர் அது தோட்டமும் ஆறும் கடலும் கூடிய இடம். 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு சுங்கை ஜுருவில் கலந்து மீன்வளம் குன்றியபோது, கோலா ஜுரு மீனவர்கள் சேற்றில் சிப்பி வளர்க்கத் தலைப்பட்ட கதை பினாங்கில் பலரும் அறிந்தது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலமும் எழுந்தது. நிலத்தின் விலை ஏற ஏறத் தோட்டங்கள் குறைந்தன. லயத்து வீடுகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடிகளில் குடியேறின. அடுக்குமாடியின் கீழே இருப்பது சிமெண்டுத் தரை. அதில் வண்டிகள் நிற்கும். பிள்ளைகள் வெறுங்காலால் மிதிக்கக்கூடிய புல்தரை என்று ஒன்று உண்டென்றால், அது பள்ளித் திடல் மட்டுமே. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 500க்குச் சற்று மேல். அவற்றுள் நல்ல திடல் வாய்த்தவை எத்தனை என்பதை ஆசிரியர்கள் தத்தம் பள்ளியை நினைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பள்ளியின் திடல் பெரிதன்று. மேற்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். இரு முனைகளிலும் இரும்புக் குழாயாலான கோல் கம்பங்கள். கம்பங்களின் முன்னே இரண்டு வழுக்கைகள். பந்து காப்பவன் குதித்துக் குதித்து நிலம் செங்கல் போல் இறுகிவிட்டது. மழை பெய்தால் குட்டை. வெயில் அடித்தால் வெடிப்பு. இவை தவிர, சிற்றுண்டிச் சாலையிலிருந்து வகுப்பறைக் கட்டடத்திற்குத் திடலின் மூலையை வெட்டிச் செல்லும் ஓர் ஒற்றையடித் தடம். சிமெண்டு நடைபாதை ஒன்று முறைப்படி வளைந்து செல்கிறது. பசியோடு ஓடும் பிள்ளைகளுக்கு வளைவு எதற்கு?

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இந்த வழுக்கைகளும் தடமும் தாமாகவே மூடிக்கொண்டன. ஓரத்துப் புல் ஓடிவந்து நடுவைப் பிடித்தது. தடம் இருந்த இடமே தெரியவில்லை. திடல் அத்துணைப் பசுமையாக இருந்ததே இல்லை என்பர் அப்போது பார்த்தவர்கள். ஆனால் பார்த்தவர்களே இரண்டு மூன்று பேர்தாம். பிள்ளைகள் இல்லாத திடலின் பசுமையைக் கண்டு எவரும் மகிழவில்லை. பிள்ளைகள் திரும்பினர், ஒரு பருவம் முடிவதற்குள் வழுக்கையும் திரும்பிற்று.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கூடிப் பேசினர். இந்நாட்டில் புல்தரை அமைப்பதற்கு விதையைத் தூவுவது பெருவழக்கன்று. மாட்டுப்புல் எனப்படும் அகன்ற இலைப் புல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து வந்து பதிப்பர். அல்லது கணுக்களைக் கிள்ளி நடுவர். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து, இங்கே ஓடைக்கரையெங்கும் ஊன்றிக்கொண்டதால் மலாய்க்காரர் அதனை ‘ரும்புட் பாரிட்’, அதாவது வாய்க்கால் புல், என்பர். அப்பள்ளியில் முன்பு ஒருமுறை பதித்த புல்துண்டுகள், வேர் பிடிக்குமுன் பந்தாட்டத்தில் தோசைபோல் பெயர்ந்து போயின. இந்தமுறை பெற்றோர் ஒருவர் இரண்டரைக் கிலோ விதைப் பை ஒன்றை வாங்கி அன்பளிப்பாகத் தந்தார். பையின்மேல் பெர்முடாப் புல் என்று அச்சிட்டிருந்தது.

பெர்முடா என்பது அட்லாண்டிக் கடலில் உள்ள தீவு. அந்தப் புல்லோ தமிழர் வீட்டுப் பிள்ளையாரின் காலடியில் நெடுங்காலமாகக் கிடக்கும் அறுகு. மணமக்களை வாழ்த்தும் பெரியோர் வேரோடும் வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் அதே அறுகு. அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியப் பாலைநிலங்களில் பாசனம் செய்து விளைவிக்கப்படும் அதன் விதை, பையிலேறி உலகைச் சுற்றி வருகிறது. விநாயகர் சதுர்த்திக்கு முதல்நாள் பள்ளி வேலியோரம் குனிந்து அறுகு கிள்ளும் பாட்டிமார், இது டாலர் கொடுத்து வாங்கும் பொருள் என்று கேட்டால் நம்பமாட்டார்கள். உழவர்களும் நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டு நன்செயில் அறுகு ஒரு தொல்லை. தோண்டத் தோண்ட வரும்.

விதைக்கும் பொறுப்பு பள்ளித் தோட்டக்காரரிடம் வந்தது. எழுபதை நெருங்கும் அவரைப் பிள்ளைகள் ‘தாத்தா’ என்றே அழைப்பர். ஆசிரியர்கள் ‘பெரியவர்’ என்பர். பால்மரத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, தோட்டம் கைமாறியபின் வெளியேறியவர். அவர் வாழ்நாளில் புல்லை வளர்த்த அனுபவம் சிறிது. அழித்த அனுபவம் பெரிது.

இதை அவர் ஒருவரின் கதையாகக் கொள்ளவேண்டா. மலாயாத் தோட்டத் தமிழருள் பெரும்பகுதியினர்க்குப் புல்லை அழிப்பதும் கூலி வேலைகளுள் ஒன்று. தொடக்ககாலத் தோட்ட நிருவாகிகள், மரங்களுக்கிடையே ஒரு பச்சையும் இராமல் நிலத்தைத் துடைத்து வைப்பதையே நல்ல தோட்டத்தின் இலக்கணமாகக் கருதினர். பெண்கள் வரிசையாக அமர்ந்து களை பறித்தனர். வெறும் மண்ணை மலேசிய மழை விட்டுவைக்குமா? மேல்மண் சரிவுகளில் வழிந்து ஆறுகளைச் செந்நிறமாக்கிற்று. அறிவு தெளிய ஆண்டுகள் பல ஆயின. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டப்படி நிறுவப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே, நிலத்தை மூடிப் படரும் அவரையினக் கொடிகளை இளமரங்களுக்கிடையே விதைக்கும் வழக்கமும் பரவலாயிற்று. அக்கொடிகளின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றி மண்ணுக்கு உரமாக்குகின்றன. கொடியின் நிழலில் லாலாங் புல் அடங்கும், மண்ணும் ஓடாது.

பெரியவர் தம் இளமையில் இக்கொடி விதைகளைத் தூவியவர். அவ்விதையின் தோல் மிகக் கடினமானது. வெந்நீரில் இட்டு ஊறவைத்தாலன்றி நீர் உட்புகாது. எத்தனைச் சூடு, எத்தனை நேரம் என்பதைத் தாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை என்றும், கங்காணியின் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகியதே என்றும் அவர் சொல்வதுண்டு. அந்தக் கைப்பழக்கமே அறுகுக்கும் துணை வந்தது.

முதலில் மண். களிமண் பாங்கான ஜுருத் தாழ்நிலத்தில் இறுகிய இடத்தில் விதையை வீசுவது பாறையில் வீசுவது போன்றது. இரண்டு கோல் முகப்பையும், முகப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 60 சதுர மீட்டர், அரை அடி ஆழத்திற்குக் கொத்தி, கட்டி உடைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து, சிறிது சுண்ணாம்பும் தூவிச் சமன் செய்தார். நடுவில் சற்று மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் அமைத்தார். தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்தப் புல்லும் நன்றி பாராட்டாது.

அறுகின் விதை மிக நுண்ணியது. ஒரு கிராம் எடையில் 3,000க்கு மேற்பட்ட விதைகள் அடங்கும். அப்படியே கையால் வீசினால் ஓரிடத்தில் கும்பலாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் விழும். ஆகவே காய்ந்த மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினார். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும் என்பது நூலோர் கணக்கு. அவர் கையளவில் இரு முகப்புக்கும் சேர்த்து ஒரு கிலோ ஆயிற்று. பின்னர் விதை மறைந்தும் மறையாமலும் இருக்கும்படி வாரியால் மெல்லக் கீறினார். கால் அங்குலத்துக்கு மேல் புதைந்த அறுகு விதை வெளிச்சத்தைக் காணாமலே மடியும். இறுதியாகப் பலகையைப் போட்டு அதன்மேல் நடந்து அழுத்தினார். மண் விதையைப் பற்றிக்கொண்டால்தான் ஈரம் விதைக்குள் ஏறும்.

அவ்வளவும் செய்து முடித்த மூன்றாம் இரவு, ஒன்றரை மணி நேர மழையில் எல்லாம் போயிற்று. காலையில் வந்து பார்த்தபோது விதை முழுவதும் கால்வாய் ஓரத்தில் நுரையும் சருகுமாக ஒதுங்கிக் கிடந்தது. பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டிறுதிக்கு முந்திய மாதங்களில் அது கொட்டும் விதமே வேறு. விதைக்க ஏற்ற பருவம் வேறு, பள்ளிக்கு ஏற்ற பருவம் வேறு. பள்ளி விடுமுறையை வானம் கேட்டு நடப்பதில்லை.

பெரியவர் ஒருவரையும் குறைகூறவில்லை. பத்து நாள் சென்று மறுபடியும் ஒரு கிலோ விதைத்தார். இம்முறை, பள்ளிக்குப் பின்னாலுள்ள காலிமனையில் லாலாங் அறுத்துக் காயவைத்து, மண் பாதி தெரியும்படி மெல்லிதாகப் பரப்பினார். மழைத்துளி நேரே அடிக்காது. வெயிலும் நேரே சுடாது. ஒரு காலத்தில் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி எறிந்த லாலாங் இப்போது போர்வையாயிற்று. நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினார். சிற்றுண்டிச் சாலை அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, முளைப்பாரி போட்ட மாதிரி மூடி வெச்சிருக்கீங்க!” என்றார். அவர் சொன்னது பொருத்தமே. மாரியம்மன் திருவிழாவுக்கு நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டறையில் வைத்து, வேளை தவறாமல் நீர் தெளித்து, ஆளரவம் படாமல் காக்கும் பெண்களின் பத்தியம் தமிழர் அறிந்த விதைப் பராமரிப்புகளுள் மிகக் கண்டிப்பானது. முளைப்பாரி பழுதானால் ஊருக்கு ஆகாது என்னும் அச்சம் அவர்களைக் காவலிருக்கச் செய்தது. புல்லுக்கு அத்தகைய தெய்வ அச்சம் ஏதும் இல்லை. கயிறு மட்டுமே உண்டு.

நீர் வார்ப்பதுதான் இதில் உயிர்நிலை. ஈரம் ஏறி உப்பிய விதை, முளை நீட்டுமுன் ஒருமுறை காய்ந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. மறுபடி எவ்வளவு ஊற்றினாலும் எழாது. அதனால் முதல் இரண்டு வாரம், ஒரே தடவையில் குடம் குடமாகக் கொட்டாமல், நாளைக்கு மூன்று நான்கு தடவை பூவாளியால் மேற்பரப்பு நனையுமளவு தெளிக்க வேண்டும். அளவு மிஞ்சினாலும் ஆபத்தே. எந்நேரமும் சொதசொதவென்றிருக்கும் மண்ணில் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் பற்றி, இளமுளைகள் அடித்தண்டு அழுகிச் சாயும். காலை ஏழுக்கு, பத்தரைக்கு, ஒன்றரைக்கு, நான்கரைக்கு என்று பெரியவர் நேரம் வைத்துக்கொண்டார். பள்ளி மணிக்கும் அவர் பூவாளிக்கும் ஏறக்குறைய ஒத்துவந்தது. மூதுரையில் ஔவையார், நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியே புல்லுக்கும் கசிவதைச் சொன்னார். புல்லுக்கென்றே ஒருவர் நீர் சுமக்கும் காட்சியை அவர் கண்டிருப்பாரா என்பது ஐயமே.

ஏழாம் நாள் ஒன்றும் இல்லை. எட்டாம் நாளும் இல்லை. பறவைகள் வந்தன. மைனா, புறா, சின்னஞ்சிறு தினைக்குருவிக் கூட்டம். தினைப்புனம் காத்த வள்ளியைப் பாடநூலில் படித்த நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர், ஓய்வு நேரத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிக் குருவி விரட்டினர். அவர்கள் விரட்டியதில் குருவிகள் பயந்தனவோ இல்லையோ, கயிற்றைத் தாண்ட எண்ணியிருந்த மற்றப் பிள்ளைகள் பயந்தார்கள். தாண்டக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதைவிட இது பலித்தது. ஒன்பதாம் நாள் காலை, குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் தெரியும்படி ஒரு பசும்புகை மண்மேல் படிந்திருந்தது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு மண்ணே தெரிந்தது. பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டுப் பார்த்தனர்.

முளைத்த பிறகு நீர் வார்க்கும் முறை தலைகீழாக மாறவேண்டும். தடவையைக் குறைத்து, அளவைக் கூட்டவேண்டும். மேலே எப்போதும் ஈரம் கிடைத்தால் வேர் கீழே போக முயலாது. ஈரம் ஆழத்தில் இருந்தால் அதைத் தேடி வேர் இறங்கும். முளைப்பதற்கு முன் ஒருநாள் மறந்தால் கொலை. முளைத்தபின் ஒருநாள் மறந்தால் பயிற்சி. இந்த மாற்றத்தை எந்த நாளில் செய்வது என்பதுதான் கைப்பழக்கம். பெரியவர் விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, பதினெட்டாம் நாள் நண்பகல் நீரை நிறுத்தினார்.

அறுகோடு சேர்ந்து அழையாதவையும் வந்தன. கொத்திய மண்ணில் உறங்கிக் கிடந்த விதைகளுக்கும் அதே நீர், அதே எரு. தொட்டாற்சிணுங்கி முள்ளோடு தலைகாட்டிற்று. கோரை ஈட்டிபோல் நிமிர்ந்தது. கோரையைப் பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் இருந்து மறுவாரம் மீண்டும் நிமிரும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்து இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, “ஒரு தடவ மருந்தடிச்சிட்டா வேல முடிஞ்சிடுங்களே, பெரியவரே. நான் வாங்கித் தரேன்” என்றார்.

“வேணாங்க தம்பி. மருந்தடிச்ச கைய நான் பாத்திருக்கேன். எங்கம்மா கை அது” என்றார் பெரியவர்.

மருந்தடிப்பு என்பது தோட்டங்களில் பெண்கள் செய்த வேலை. பராக்குவாட் என்னும் களைக்கொல்லி 1960களில் உலகச் சந்தைக்கு வந்தது. வெட்டியும் பறித்தும் அழித்த புல்லை ஒரே நாளில் கருக்கிற்று. கலவைத் தொட்டியை முதுகில் ஏற்றி, நாள் முழுதும் தெளித்தபடி நடந்த பெண்களில் பலருக்குக் கையுறை இல்லை. இருந்தாலும் வெப்பத்தில் அணிய இயலவில்லை. நகம் கறுத்துக் கழன்றது, மூக்கில் குருதி வடிந்தது, தோல் வெந்தது. 2002இல் தெனகனித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தின் ஆசியக் கிளையும் தோட்டத்துப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டே அரசு பராக்குவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்தது; 2006இல் அம்முடிவைத் தளர்த்திற்று; 2020 ஜனவரி 1 முதல் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அந்தப் பெண்களில் எத்தனை பேர் மூப்படைந்துவிட்டனர், எத்தனை பேர் மறைந்துவிட்டனர்! பெரியவரின் தாயார் 2020ஐக் காணவில்லை.

இளைஞர் வாங்கித் தருவதாகச் சொன்ன மருந்து பராக்குவாட் அன்று. இன்றைய கடைகளில் வேறு மருந்துகள் உள்ளன. எனினும் இளம்புல்லில் எந்தக் களைக்கொல்லியும் தெளிக்கலாகாது, குறைந்தது மூன்று நான்கு முறை வெட்டிய பிறகே அதை எண்ணிப் பார்க்கலாம் என்பது புல்தரை வல்லுநர் அனைவரும் கூறும் விதி. பெரியவரின் மறுப்புக்கு அந்த விதி காரணமன்று. ஆனால் இரண்டும் ஓரிடத்தில் வந்து நின்றன. அவர் கோணிச்சாக்கை மண்டியின்கீழ் விரித்து, குச்சியால் கிழங்கோடு கோரையைத் தோண்டினார். நாளுக்கு ஒரு பாய் அகலம். இளைஞர் மறுநாள் தாமும் ஒரு குச்சியோடு வந்து உட்கார்ந்தார்.

இதற்கிடையே விளையாட்டு விழா நெருங்கிற்று. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. முதல் விதைப்பு பிழைத்திருந்தால் விழாவன்று புல்லுக்கு ஆறு வாரம் ஆகியிருக்கும். இப்போது நான்கரை வாரமே. அறுகு கணுவிட்டுப் படரத் தொடங்கியிருந்தது. ஆயினும் வேர் இன்னும் விரலளவே. அதன்மேல் இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரு மணி நேரம் பந்தாடினால் எஞ்சுவது என்ன என்பது எல்லார்க்கும் தெரியும். பந்தாட்டத்தை நீக்கிவிடலாம் என்றனர் சிலர். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அது பள்ளியில் இறுதி ஆட்டம். அடுத்த ஆண்டு அவர்கள் இடைநிலைப் பள்ளிகளில் சிதறிவிடுவர். தமிழில் கூச்சலிட்டுக்கொண்டு ஒரே குழுவாய் ஆடும் வாய்ப்பு மறுபடி கிட்டுமோ கிட்டாதோ. ஒரு திடலின் நலனுக்காக அதைப் பறிப்பது நேர்மையாகுமா? ஆட்டத்தை நடத்திவிட்டுப் புல்லை மறுபடி விதைக்கலாம் என்றனர் வேறு சிலர். விதைத்தவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

விம்பிள்டனில் இத்தகைய வாதத்திற்கு இடமே இல்லை. அங்கே இரண்டு வாரப் போட்டி முடிந்ததும் தேய்ந்த புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி விதைப்பர். நடுத்திடலில் அடுத்த ஆண்டு வரை பந்து விழாது. 2001 முதல் பல்லாண்டு ரை புல் ஒன்றையே விதைக்கின்றனர். ஆட்டத்தின்போது அதன் உயரம் சரியாக 8 மில்லிமீட்டர். ஓராண்டு காத்திருந்து இரு வாரம் ஆடும் வசதி செல்வந்தர் கழகத்திற்கு உண்டு. ஒற்றைத் திடல் கொண்ட பள்ளிக்கு, ஆண்டு முழுதும் ஆடிக்கொண்டே இரு வாரம் காக்கும் வசதிகூட இல்லை.

வழி சொன்னவர் பெரியவரே. “கம்பத்த மாத்திப் போட்டா என்னங்க ஐயா?” என்றார். இரும்புக் கம்பங்கள் சிமெண்டில் ஊன்றியவை, அவை நிற்கட்டும். திடலை நீளவாக்கில் ஆடாமல் குறுக்குவாக்கில் ஆடினால், பந்து போகும் முகப்பு வேறாகிவிடும். நான்கு மூங்கில் நட்டு, குறுக்கே கயிறு கட்டினால் கோல் ஆயிற்று. திடல் சிறுத்துவிடுமே என்ற கேள்விக்கு, பிள்ளைகளும் சிறியவர்கள்தாமே என்றார். இது புதுமையன்று, தேய்மானத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் கோல்களை இடம் மாற்றுவது திடல் பராமரிப்பாளர் பலநாட்டிலும் கையாளும் முறை. ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் அது எவர்க்கும் தோன்றவில்லை.

ஒற்றையடித் தடத்தை அவர் விதைக்கவே இல்லை. அதையும் மூடச் சொன்னார்கள். பிள்ளைகளின் கால் தேர்ந்தெடுத்த வழி அது; இன்று கயிறு கட்டினால் நாளை கயிற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் விழும் என்றார். உடைந்த சிமெண்டுப் பலகைகளைப் பிள்ளைகளின் காலெட்டு அளவுக்கு ஒவ்வொன்றாகப் பதித்தார். தம் காலெட்டு பெரிது என்பதால் முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தியை நடக்கவிட்டு அவள் பாதம் பட்ட இடங்களைக் குறித்துக்கொண்டார். தூங்குமூஞ்சி மரத்தடியிலும் அறுகு தூவவில்லை. அறுகுக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் நலியும். அங்கே மாட்டுப்புல் கணுக்களைக் கிள்ளி நட்டார். அது நிழலைப் பொறுக்கும்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு முதல் வெட்டு. புல் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருபோதும் வெட்டலாகாது என்பதால் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினார். கத்தி மழுங்கியிருந்தால் இளம்புல் அறுபடாமல் வேரோடு பெயரும். ஆகவே முதல்நாள் மாலை முழுதும் இயந்திரத்தின் கத்தியை அரம்கொண்டு தீட்டினார். மண் காய்ந்திருக்கும் வேளையில், கயிற்றை ஒருபக்கம் மட்டும் அவிழ்த்து, திரும்பும்போது சக்கரம் புல்லைத் திருகாதபடி அகல வளைத்து ஓட்டினார். வெட்டுண்ட அறுகு பக்கவாட்டில் படரத் தொடங்கும். நிமிர்ந்து வளர முடியாதபோது தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேரூன்றுவது அதன் இயல்பு.

விழாவன்று குறுக்குவாக்கில் ஆட்டம் நடந்தது. நீல இல்லமும் சிவப்பு இல்லமும் ஒவ்வொரு கோல் போட்டுச் சமனாயின. பந்து இருமுறை கயிற்றுக்குள் உருண்டோடிற்று. இருமுறையும் பிள்ளைகள் கயிற்றருகே நின்றுவிட்டனர்; பெரியவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து பந்தை எடுத்து வீசினார். மூங்கில் முகப்புகளில் ஆட்டம் முடியும்போது புல் நசுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த சங்கச் செயலாளர், “இப்ப இங்க வழுக்க விழுமே, பெரியவரே” என்றார். “விழட்டுங்க. ரெண்டு வாரம் கழிச்சிக் கம்பம் பழைய எடத்துக்குப் போயிரும்” என்று விடை வந்தது.

கயிறு மேலும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இரண்டாம் முறை உரம் இட்டார். நான்கு முறை வெட்டினார். ஓரத்தில் மெல்லிதாக இருந்த இடங்களில் மணல் தூவிக் கணுக்களை மூடினார். பிறகு ஒரு திங்கட்கிழமைக் காலைச் சபை முடிந்ததும், கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார். அறிவிப்பு எதுவும் இல்லை. ஓய்வு மணி அடித்தபோது ஆறாம் ஆண்டுப் பையன்கள் முகப்பின் விளிம்பு வரை ஓடிவந்து சற்றுத் தயங்கினர்; ஒருவன் சப்பாத்தைக் கழற்றினான்; மற்றவர்களும் கழற்றினர்.

இரண்டரைக் கிலோப் பையில் அரைக் கிலோ மீந்தது. ஈரமும் வெப்பமும் விதையின் ஆயுளைத் தின்றுவிடும். பெரியவர் அதனை ஒரு மைலோ டின்னில் இட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, மாதத்தையும் ஆண்டையும் எழுதி, சிற்றுண்டிச் சாலை அம்மையாரின் குளிர்பதனப் பெட்டியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். தேயிலை என்று எண்ணி யாரும் கொதிக்கும் நீரில் போட்டுவிடாதிருக்க, மூடியின்மேல் கொட்டை எழுத்தில் ‘புல்’ என்று எழுதியது அந்த நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுள் ஒருத்தி.